கறளும் காவலும்

இரும்பின்றி மனிதனுக்கு ஒரு நாளும் கழியாது. உழுவதும் அறுப்பதும், கட்டுவதும் வெட்டுவதும், ஏறிச் செல்வதும் ஏற்றிச் செல்வதும் இரும்பினாலேயே நடைபெறுகின்றன. அதனை வளைப்பதற்கு உலையும் சம்மட்டியும் வேண்டும். ஆயின், சிறிது நீரும் சிறிது காற்றும் ஓரிரவு அதன்மேற் கூடியிருந்தாற் போதும். அத்துணை வலிய இரும்பு ஓசையின்றி உதிரத் தொடங்கிவிடும். இதனை நூல்கள் துரு என்னும். நாம் கறள் என்போம்.

விழா மலரிலே கல்லூரியின் வரலாற்றையும் அதனை வளர்த்த பெரியோரின் சிறப்பையும் எழுதுதற்குத் தக்கார் பலர் உளர். அப்பணியை அவர்பால் விட்டு, யாம் இக்கறளைப் பற்றியே சில கூறப் புகுந்தோம். இது விழாவுக்கு ஒவ்வாத பொருளெனச் சிலர் எண்ணுதல் கூடும். நம் கல்லூரியிற் கற்றோருட் பெரும்பாலார் துவிச்சக்கர வண்டியில் வந்தே கற்றவர் என்பதை நினைப்பின் அவ்வெண்ணம் மாறும்.

அறுபதுகளில் யாம் மாணவராயிருந்த காலத்திலே, காலை மணி அடிக்குமுன் கல்லூரிக் கொட்டகையில் வண்டிகள் வரிசையாக நிறைந்துவிடும். றலி, ஹம்பர், றட்ஜ் என இங்கிலாந்திலிருந்து வந்தவை பல. தந்தை ஓட்டி, தமையன் ஓட்டி, பின்னர்த் தம்பிக்கு வாய்த்தவை அவற்றுட் பாதி. வண்டியைக் கண்ட அளவில் அதற்குரியவன் எவ்வூரான் என்பதைச் சொல்லிவிடலாம். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்து வண்டிகளிலே செம்புழுதி படிந்திருக்கும். ஆயினும் அவற்றின் கைப்பிடிகள் பளபளக்கும். தீவுப்பகுதியிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக வருவன கழுவினாற்போலத் தூயனவாய்த் தோன்றும். அருகிற் சென்று நோக்கினால் கம்பிகளின் அடியிலும் திருகாணிகளின் தலையிலும் செந்நிறக் கறள் அரும்பியிருக்கும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரையும் சோளகம் வீசும்போது, தாம்போதியின் இருமருங்கிலுமுள்ள கடல் தன் திவலைகளை அவ்வண்டிகளின்மேல் நாள்தோறும் தெளித்தவாறிருக்கும்.

கல்லூரிக்கு அணித்தாக ஒரு முதியவர் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவருடைய ஏட்டுக்கல்வி ஐந்தாம் வகுப்போடு நின்றது. யாம் ஒருநாள் மழையில் நனைந்த வண்டியோடு சென்று, கறள் பிடிக்குமோ என்று வினவியபோது அவர் கூறிய விடை இன்றும் எம் செவியில் நிற்கின்றது. “தம்பி, தண்ணி பட்ட இடத்திலை கறள் வாறேல்லை, தண்ணி நிக்கிற இடத்திலைதான் வரும்.” இவ்வாறு கூறி அவர் வண்டியைத் தலைகீழாக நிறுத்தினார், சீற்றைத் தாங்கும் குழாயைக் கழற்றினார், அதனுள்ளிருந்து ஒரு சிறங்கை நீர் வடிந்தது. மழைநீர் அக்குழாய் வழியே இறங்கி, பெடல் பூட்டிய அச்சுக் கூட்டினுள்ளே தங்குவதை யாம் அன்றே கண்டோம். மட்காட்டின் மடிப்பு, ரிம்மினுள்ளே கம்பிகளின் நிப்பிள்கள் இருக்கும் பள்ளம், கொட்டர்பின் துளை, மணி பூட்டிய பட்டியின் அடி ஆகிய இடங்களையும் அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். வெளியே தெரியும் இடங்களில் வெயிலும் காற்றும் ஈரத்தை உலர்த்திவிடும். மறைவான இடங்களிலே ஈரம் தங்கும். அங்கேதான் கறள் குடிபுகும்.

அவர் பட்டறிவாற் கூறியதனை எம் இரசாயன ஆசிரியர் மூன்று சோதனைக்குழாய்களைக் கொண்டு மெய்ப்பித்தார். ஒன்றிலே கல்சியங்குளோரைட்டை இட்டுக் காற்றை உலரச்செய்து ஓர் ஆணியை வைத்தார். மற்றொன்றிலே கொதிக்கவைத்த நீரை ஊற்றி, ஆணியை அமிழ்த்தி, காற்றுப் புகாவண்ணம் மேலே எண்ணெய் விட்டார். மூன்றாவதிலே சாதாரண நீரும் காற்றும் ஆணியைத் தொடவிட்டார். ஒரு வாரம் கழிந்தபின் மூன்றாவது ஆணியிலே மாத்திரம் கறள் ஏறியிருந்தது. நீரும் ஒட்சிசனும் ஒருங்கு கூடினாலன்றிக் கறள் இல்லை என்பது அன்று தெளிவாயிற்று. இவற்றுள் ஒன்றை விலக்கினாற் போதும். காற்றை நாம் விலக்குதல் அரிது. நீரை விலக்குதல் எளிது.

உப்பு இதனிடையே புகுந்து கேட்டை விரைவாக்குகின்றது. கறள் பிடித்தல் ஒரு வகை மின்னிரசாயனத் தாக்கமாதலின், நீரிற் கரைந்த உப்பு அம்மின்னோட்டத்துக்கு வழி திறந்துவிடுகின்றது. அன்றியும், உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கறியுப்பாகிய சோடியங்குளோரைட்டு, காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதத்தை எட்டும்போது தானே நீராகக் கசியும். கடலுப்பிற் கலந்துள்ள மகனீசியங்குளோரைட்டோ 33 சதவீதத்திலேயே கசியத் தொடங்கும். நம் கரையோர ஊர்களில் இரவுக் காற்றின் ஈரம் பெரும்பாலும் இவ்விரண்டையும் கடந்து நிற்பது. பகலெல்லாம் உலர்ந்தாற்போலத் தோன்றும் உப்புத்தூள் இரவிலே ஈரமாகி இரும்பை அரிக்கும். கறள் இரவில் வேலை செய்யும் என்று முதியவர் சொல்லும் சொல் இவ்வாறு பொருளுடையதாகின்றது.

இரும்பின் குறை யாதெனில், அதற்குத் தன்னைக் காக்கும் தோல் இல்லாமையே. அலுமினியமும் காற்றோடு கூடி ஒட்சைட்டாகின்றது. ஆயின், அவ்வொட்சைட்டு இறுகிய மெல்லிய தோலாகி, உள்ளிருப்பதனைக் காக்கின்றது. இரும்பின் கறளோ நுண்டுளைகளுடையது; தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் மிகுந்த இடத்தை அடைத்துப் பொருமி உதிர்வது. அது உதிர்ந்த இடத்திலே புதிய இரும்பு வெளிப்பட்டு அதுவும் அழியும். தில்லியிலே குதுப்மினார் வளவில் நிற்கும் இரும்புத்தூண் இதற்கு ஒரு புறநடை. 7 மீற்றருக்கு மேற்பட்ட உயரமும் 6 தொன்னுக்கு மேற்பட்ட நிறையுமுடைய அத்தூண், குப்தர் காலந்தொட்டு ஏறக்குறைய 1,600 ஆண்டுகளாக நிலைத்திருக்கின்றது. கான்பூர் இந்தியத் தொழினுட்பக் கழகப் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் அதனை ஆராய்ந்து, அவ்விரும்பிலுள்ள பொசுபரசின் மிகுதியால் அதன்மேல் ஒரு காப்புப்படலம் அமைந்திருப்பதைக் காட்டினார். 1913ஆம் ஆண்டிலே செபீல்டு நகரத்து ஹரி பிறியர்லி என்பார் குரோமியம் கலந்து உருக்கிய கறையில் உருக்கிலும் அத்தகைய படலமே காவலாகின்றது. அதற்குக் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதமாயினும் வேண்டும். வண்டிச் சில்லுகளின் அச்சிலுள்ள ‘போல்ஸ்’ எனப்படும் குண்டுகள் செய்யும் உருக்கிலே அது 1.5 சதவீதமளவே உண்டு. அக்குண்டுகள் கண்ணாடிபோல் ஒளிர்வதைக் கண்டு அவை கறளேறா என எண்ணுதல் ஆகாது. தோலில்லாத அவற்றுக்குக் கிறீசு என்னும் தோலை நாமே இடவேண்டும்.

இவையெல்லாம் வெறும் பாடமாகவே நின்றிருக்கும்; காலம் அவ்வாறு விடவில்லை. 1990ஆம் ஆண்டு ஆனியிலே போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு எரிபொருள் வரத்து அருகியது. மோட்டார் வண்டிகள் வீட்டு முற்றத்தில் உறங்கின. துவிச்சக்கர வண்டியே பேருந்தும், பாரவண்டியும், நோயாளர் ஊர்தியும் ஆயிற்று. பிள்ளைப்பேற்றுக்குரிய பெண்ணைக் கரியரில் இருத்தி வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றவரை யாம் அறிவோம். இரவிலே வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுழற்றி, டைனமோவின் மின்னால் வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் பல. உதிரிப்பாகங்கள் அருமையாயின, கிடைத்தவற்றின் விலையோ எட்டாததாயிற்று. கறள் தின்ற ஒரு குண்டு அக்காலத்திலே ஒரு குடும்பத்தின் கால் முறிந்தமைக்கு ஒப்பாயிற்று.

பாதைகள் அடைபட்டமையாற் பலர் கிளாலிக் கடனீரேரியை இரவிலே படகேறிக் கடந்தனர். உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு சென்ற அப்பயணத்தில் வண்டியையும் படகில் ஏற்றினர். படகின் அடியில் நிற்கும் உவர்நீரிலே அச்சுக்கள் அமிழ்ந்திருக்கும். கரையேறியவர் நல்ல தண்ணீர்க் கிணற்றைத் தேடி முதலில் வண்டியைக் கழுவினர். பின்னரே தாம் முகம் கழுவினர். மண்ணெண்ணெய் விலையேறிய அந்நாளில், அச்சுக் கழுவிய மண்ணெண்ணெயைப் போத்தலில் ஊற்றி வைத்து, அழுக்கு அடியிற் படிந்தபின் மேலே தெளிந்ததனை மீண்டும் எடுத்துக் கழுவினோம். கிறீசு இல்லாதபோது தேங்காயெண்ணெயைத் தடவினோம். அது சில நாளைக்குக் காக்கும். நாட்பட்டாற் கெட்டுக் கொழுப்பமிலம் தோன்றி, அதுவே இரும்பை அரிக்குமாதலின், அடிக்கடி துடைத்துப் புதிதாகத் தடவல்வேண்டும்.

1995ஆம் ஆண்டு ஒற்றோபர் 30ஆந் தேதி வலிகாமம் முழுவதும் ஒருசேரப் பெயர்ந்தது. ஐப்பசி மழையிலே இலட்சக்கணக்கானோர் செம்மணி வழியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சியை நோக்கி அடியடியாக நகர்ந்தனர். எம் வண்டியின் கரியரில் அரிசி மூட்டை ஒன்று. அதன்மேல் எம் வயது முதிர்ந்த தாயார். புரட்டாதியிலே கழற்றிக் கழுவிப் பூட்டிய வண்டியாதலால் அவ்விரவு முழுவதும் சில்லு இறுகவில்லை. வழியோரத்திலே செயின் அறுந்தனவும், அச்சு இறுகி உருளாதனவுமாகப் பல வண்டிகள் கிடந்தன. அவற்றின் உரியவர் மூட்டைகளைத் தலையிலும் பிள்ளைகளைத் தோளிலும் சுமந்து நடந்தனர். விடிந்தபின் சாவகச்சேரியருகில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கியதும் தாயார் தம் சேலையின் உலர்ந்த முந்தானையைக் கிழித்து, “முதல் சைக்கிளைத் துடை” என்றார்.

அடுத்த ஆண்டு யாம் வீடு திரும்பியபோது ஓடுகள் சரிந்திருந்தன. விட்டுச்சென்ற மற்றை வண்டி மழையில் நனைந்து, செயின் முழுதும் ஒரே கோலாகி, கைப்பிடியின் குரோமியப் பூச்சு செதில் செதிலாக உரிந்து கிடந்தது. அப்பூச்சு மிக மெல்லியது. அதன் நுண்ணிய வெடிப்புக்களின் வழியே நீர் புகுந்து உள்ளிரும்பைத் தின்றமையால் மேற்பூச்சுப் பற்றுக்கோடின்றி உரிந்தது. அதன் அருகிலேயே ஒரு தகரப் பேணி கிடந்தது. அதனுள்ளே கிறீசு பூசி மெழுகுத்தாளிற் சுற்றி வைத்திருந்த குண்டுகள், வைத்தநாள் எவ்வாறு இருந்தனவோ அவ்வாறே ஒளிர்ந்தன. அதே கூரையின் கீழ், அதே மழையில், இரண்டும் ஆறு திங்கள் கிடந்தன.

கறள் வந்தபின் செய்யத்தக்கதனை இனிச் சொல்வோம். குரோமியப் பூச்சின்மேல் மெல்லிதாகப் படிந்த கறளுக்கு, அலுமினியத் தாளைக் கசக்கி நீரிற்றோய்த்துத் தேய்த்தல் நன்று. அது பூச்சைக் கீறாது. திருகாணி, சுரை முதலியவற்றைக் கழற்றி வினாகிரியில் ஓரிரவு ஊறவைத்து, பழைய பற்றூரிகையாற் றேய்க்கலாம். அதன்பின் அப்பச்சோடா கலந்த நீரிற் கழுவி, உடனே வெயிலில் உலர்த்தி, எண்ணெய் தடவுதல் வேண்டும். புளிப்பு எஞ்சியிருப்பின் முன்னையிலும் விரைவிற் கறள் வரும். குண்டுகளைப் புளிப்பில் இடற்க. வன்மையான உருக்கினுள் ஐதரசன் புகுந்து அதனை நொறுங்கச் செய்யும். அவற்றை மண்ணெண்ணெயிற் கழுவி, வெளிச்சத்திற் பிடித்து நோக்குக. ஒரு குண்டிலே குழி கண்டால் அப்பக்கத்துக் குண்டுகள் எல்லாவற்றையும் மாற்றுக. முன்சில்லுக்குப் பக்கத்துக்குப் பத்து, பின்சில்லுக்குப் பக்கத்துக்கு ஒன்பது என்பது வழக்கம். தேய்ந்தவற்றிடையே புதியதொன்றை இட்டால் பாரமெல்லாம் அதன் தலையிலேயே விழும். இறுகிய சுரையைச் சம்மட்டியால் அடித்தலினும், எண்ணெய் விட்டு ஓரிரவு பொறுத்திருத்தல் மேல். கடைகளிலே விற்கும் டபிள்யூ.டி.40 என்னும் தெளிப்பு 1953ஆம் ஆண்டு அமெரிக்காவிலே நீரை அகற்றுதற்காக ஆக்கப்பட்டது. நாற்பதாம் முயற்சியிற் கைகூடியதால் அப்பெயர் பெற்றது. இறுகியதை இளக்கவும் ஈரத்தை ஓட்டவும் அது உதவும். ஆயினும், அச்சிலே நின்று காப்பதற்குக் கிறீசுதான் வேண்டும்.

நம்மவர் பலர் இன்று கடல் கடந்து வாழ்கின்றனர். கறளும் அவர்களைத் தொடர்ந்து சென்றிருக்கின்றது. 2019ஆம் ஆண்டு யாம் ரொறன்ரோ நகரிலுள்ள மகள் வீட்டிலே தங்கியிருந்தோம். பேரன் ‘லோங்போட்’ என்னும் நீண்ட சக்கரப்பலகையின்மேல் நின்று தெருவில் ஓடுவான். பனிகாலத்தில் அங்கே தெருக்களில் உப்பைத் தூவுவர். பனி கரைந்தபின்னும் அவ்வுப்பு குட்டைநீரிலே தங்கும். அந்நீரில் ஓடிவந்து பலகையைச் சுவர்மூலையிற் சாத்திவிட, சில நாளில் நான்கு சக்கரங்களும் முனகத் தொடங்கின. யாம் கழற்றிப் பார்த்தோம். 22 மில்லிமீற்றர் அகலமுள்ள சிறு வளையத்தினுள்ளே ஏழு குண்டுகள். நம் வண்டியின் குண்டுகளுக்குத் தம்பிமார். சக்கரத் தாங்கியைப் பலகையோடு இணைக்கும் திருகாணிகள் இன்னும் மோசம்; மரம் நீரைக் குடித்து வைத்துக்கொண்டு அவற்றை நாட்கணக்காக நனைத்திருந்தது. நீர் நிற்கும் இடம் என்று முதியவர் காட்டிய விதி அங்கும் பிழைக்கவில்லை. “அம்மப்பா, புதுசு வாங்கினாச் சரிதானே?” என்றான் பேரன். “வாங்கலாம் ராசா, வாங்க ஏலாத காலமும் ஒண்டு இருந்தது” என்றோம். அன்று பின்னேரம் அவனே வளையங்களின் மூடியை எடுத்து, ஸ்பிரிட்டிற் கழுவி, உலர்த்தி, ஒவ்வொரு துளி எண்ணெய் விட்டான். குழியேறிய இரண்டை மாத்திரம் புதிதாக வாங்கினோம்.

வருமுன் காக்கும் முறைகள் சிலவே. வீடு சேர்ந்ததும் உலர்ந்த துணியால் வண்டியைத் துடைத்துவிடுக; எண்ணெய் தோய்ந்த துணியால் வாரம் ஒருமுறை தடவுக. கடற்காற்றில் ஓடிய வண்டியை நன்னீராற் கழுவுக. உவர்க்கிணற்று நீராற் கழுவுதல் உப்பை உப்பாற் கழுவுதலேயாம். உரப்பையும் மீன்கூடையும் ஏற்றிய கரியரை அன்றே கழுவுக. பெருமழையில் நனைந்தால் சீற்றுக் குழாயைக் கழற்றி வண்டியைக் கவிழ்த்து வடியவிடுக. திருகாணிகளைப் பூட்டுமுன் புரியிலே சிறிது கிறீசு தடவுக. நிறப்பூச்சு உதிர்ந்த இடத்தைச் சுரண்டி அன்றே பூசுக. பொலித்தீனால் இறுக மூடி வைத்தலைத் தவிர்க்க. அது மழையைத் தடுப்பினும் ஈரத்தை உள்ளே சிறைவைக்கும். ஆண்டுக்கொருமுறை, வாடைமழை தொடங்குமுன் புரட்டாதியிலே, அச்சுக்களைக் கழற்றிக் கழுவிக் கிறீசிட்டுப் பூட்டுக. நாளொன்றுக்கு ஐந்து நிமிடமும் ஆண்டுக்கொரு பின்னேரமும் இதற்குப் போதும்.

கல்லூரிக் கொட்டகையிலே இன்றும் மாணவரின் வண்டிகள் நிற்கின்றன. அண்மையில் அங்கு சென்றிருந்தபோது அவற்றின் செயின்களை நோக்கினோம். கறள் ஏறாதவை சிலவே. எம் காலத்து முதியவரின் கடை இருந்த இடத்தில் இன்று வேறு கட்டடம் நிற்கின்றது; அவர் கையாற் கற்ற வித்தையை மாணவர்க்குக் கற்பிப்பார் அருகி வருகின்றனர். பழைய மாணவர் சங்கத்தார்க்கு யாம் ஒன்று விண்ணப்பஞ் செய்கின்றோம். ஆண்டுதோறும் புரட்டாதியில் ஒரு சனிக்கிழமையைக் குறித்து, இரண்டு பேணி கிறீசும், சிறிது மண்ணெண்ணெயும், பழந்துணியும், திருகுகருவிகளும் கொட்டகையிலே வைத்து, மாணவர் தம் வண்டிகளைத் தாமே கழற்றிப் பூட்டக் கற்பிப்போமாக. செலவு சிறிது. எம் கருவிப்பெட்டியும் எம் கைகளும் முதலாண்டுக்கு ஆயத்தமாக உள்ளன; உடன்வரத்தக்க அன்பர் இம்மலரைப் படிப்போருள் இருப்பர் என நம்புகின்றோம்.

நம் கல்லூரி நீடு வாழ்க.